விடுதலையான பின்னும் விடாத தேடல்



வழக்கிலிருந்து விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பில் மறைக்கும்படி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. 2021-இல் தனி நீதிபதி மறுத்த கோரிக்கை அது. தீர்ப்புகளைத் தேடித் தரும் 'இந்தியன் கானூன்' தளம் மேல்முறையீடு செய்ய, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

தீர்ப்பு பொது ஆவணம். அதில் கைவைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் ஏற்காடு போன்ற சின்ன ஊரில் நடப்பதைச் சொல்லியாக வேண்டும். இங்கே விடுதிக்கோ காபித் தோட்டத்துக்கோ ஆள் எடுக்கும்போது பெயரையும் ஊரையும் கூகுளில் தட்டிப் பார்க்கிறார்கள். தேடலில் வரும் தீர்ப்பில் குற்றப் பிரிவு முதல் வரியிலேயே கண்ணில் படும். 'விடுதலை' என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதுவரை யார் படிக்கிறார்கள்? "அப்புறம் சொல்லி அனுப்புகிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மலையில் இருக்கும் வேலைகளே கொஞ்சம். ஓரிடத்தில் பரவிய பேச்சு மற்ற இடங்களுக்கும் போய்விடுகிறது.

2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூகுள் வழக்கில் நல்ல வழி காட்டியது. பழைய செய்தி நாளிதழின் தளத்தில் இருக்கலாம். ஆனால் அதில் இடம்பெற்ற நபரின் பெயரைத் தட்டினால் அந்த இணைப்பு வராதபடி நீக்கும் பொறுப்பு தேடுபொறிக்கு உண்டு என்றது. நமது 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேடுபொறிகளுக்கென்று இப்படி எதுவும் வகுக்கவில்லை. விடுதலைத் தீர்ப்புகளுக்காவது மத்திய அரசு இதை உடனே விதியாக்க வேண்டும்.

- ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு