உலாவி மாறினால் போதுமா?

பதினைந்து ஆண்டுகளாக ஒரே இணைய உலாவியைத்தான் பயன்படுத்தி வந்தேன். அதை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது, பழகிவிட்டேன், அவ்வளவுதான். அண்மையில், சென்னையிலிருந்து இயங்கும் ஸோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'உலா'வை என் மடிக்கணினியில் நிறுவினேன். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் உலாவி உருவாக்கப் போட்டியில் அது முதலிடம் பெற்றதே ஆர்வத்துக்குக் காரணம்.

மாறுவது இத்தனை எளிதா என்பதுதான் முதல் வியப்பு. பழைய உலாவியில் சேமித்திருந்த புக்மார்க்குகள் யாவும் பத்தே நிமிடத்தில் வந்து சேர்ந்தன. அலுவல், தனிப்பட்ட பயன்பாடு, சிறார் எனத் தனித்தனி முறைகள் உள்ளன. விளம்பரங்களையும், நம்மைப் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. விலை ஏதுமில்லை.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு, விலையில்லாப் பொருளைக் கண்டால் செலவை ஏற்பவர் யார் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஸோஹோவுக்கு வணிக மென்பொருள் விற்பனை வருவாய் தருகிறது. ஆனால், உலாவிச் சந்தையின் பெரும்பணம் தேடுபொறியிலிருந்து வருகிறது. ஆப்பிளின் சஃபாரி உலாவியில் தன் தேடுபொறியே இயல்பாக அமைந்திருப்பதற்காக, 2022-இல் மட்டும் கூகுள் 2,000 கோடி டாலர் வழங்கியது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவின் வருவாயில் பெரும்பகுதியும் கூகுளிடமிருந்தே வருகிறது.

பத்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு இவ்வளவு பணம் ஏன்? பெரும்பாலோர் மாற்றமாட்டார்கள் என்பதால்தான். தேர்வு செய்யும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது; கைக்கு முதலில் கிடைப்பதே வெல்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தன் செயலிகளை முன்கூட்டியே நிறுவச் செய்தது உள்ளிட்ட நடைமுறைகளுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடுபொறிச் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தை நிலைநிறுத்திக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். ஆயினும், குரோம் உலாவியை விற்றாக வேண்டும் என்ற அரசுத் தரப்பின் கோரிக்கையை அவர் 2025 செப்டம்பரில் ஏற்கவில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. 'உலா'வின் அடித்தளம் குரோமியம். கூகுள் முன்னின்று வளர்க்கும் திறந்தமூல நிரல் அது. மைக்ரோசாஃப்ட் எட்ஜ், ஓப்ரா, பிரேவ் ஆகியவையும் அதன்மீதே எழுந்தவை. பல நிறுவனங்கள் தத்தம் பெயரில் பேருந்து ஓட்டினாலும் எல்லாவற்றுக்கும் என்ஜின் ஒரே பட்டறையிலிருந்து வருவதைப் போன்றது இது. விளம்பரத் தடுப்பான் போன்ற நீட்சிகள் இயங்கும் விதிகளை அண்மையில் கூகுள் மாற்றியபோது, அதன் தாக்கம் குரோமுடன் நிற்கவில்லை. பழைய விதிகளைத் தொடர விரும்பும் பிற உலாவிகள் அதற்கான பராமரிப்பைத் தாமே சுமக்க வேண்டும்.

இதற்காக 'உலா'வைக் குறை சொல்வது நியாயமன்று. உலாவி இயந்திரத்தை அடிமுதல் உருவாக்குவது பல்லாண்டு உழைப்பையும் பெரும் முதலீட்டையும் கோருவது. ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட் என மாற்றுகளாக எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. இணையதளங்களைக் குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்து வெளியிடும் பழக்கம் வேரூன்றினால், அந்தச் சிலவும் தேய்ந்துபோகும்.

எனவே, அரசு இரண்டு செயல்களைச் செய்யலாம். அரசு இணையதளங்கள் இம்மூன்று இயந்திரங்களிலும் தடையின்றி இயங்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையாக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் நடைமுறையில் உள்ளதுபோல, எந்த உலாவி வேண்டும் என்று கைப்பேசியே பயனரைக் கேட்கச் செய்யலாம். பரிசு ஓர் உலாவியை உருவாக்க உதவும். அது நிலைத்து நிற்கத் திறந்த சந்தை வேண்டும்.

'உலா'வைத் தொடர்ந்து பயன்படுத்த முடிவு செய்திருக்கிறேன். அதனுடன் ஃபயர்ஃபாக்ஸையும் நிறுவியிருக்கிறேன். மாறுவதற்கு எனக்குத் தேவைப்பட்டது பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கத்தான் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.