அசன அடுப்பும் அடுத்த நாளும்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஊர்களில், அசனம் என்ற கோயில் பொது விருந்துக்கு முந்தின இரவைப் பார்த்திருக்க வேண்டும். கோயில் காம்பவுண்டுக்குள் பந்தல் போட்டு, வரிசையாகக் கல் அடுப்பு மூட்டியிருப்பார்கள். காய் நறுக்க உட்காரும் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருப்பார், லாரி ஓட்டுநர் இருப்பார், பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்த பையன் இருப்பான். ஒருவரை ஒருவர் வேலை ஏவ வேண்டியதில்லை. தேங்காய் திருவ யார், அண்டா இறக்க யார், விறகுக்கு யார் என்பதெல்லாம் பல வருஷப் பழக்கத்தில் தானாக நடக்கும். விடியும்போது ஓலைப்பாயில் சோறு குவிந்து ஆவி பறக்கும். மதியம் எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்காமல் வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுவார்கள். வர முடியாத வீட்டுக்கு வாளியில் போகும். பெரிய ஓட்டல்காரர் திணறும் வேலையை, சம்பளம் வாங்காத ஐம்பது அறுபது பேர் ஓர் இரவில் முடித்துவிடுவார்கள்.

அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு இந்தக் கூட்டம் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறது, காணிக்கை போடுகிறது, கலைந்துவிடுகிறது. கோயிலுக்கு நாலு வீடு தள்ளி பக்கவாதத்தில் படுத்திருக்கும் முதியவருக்கு மாத்திரை வாங்கிவர ஆள் இல்லை. கணக்குப் பாடத்தில் தவறிப்போய் வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெண்பிள்ளையைத் திரும்பப் பரீட்சைக்கு உட்கார வைக்க ஆள் இல்லை. குடித்துவிட்டு வரும் கணவனுக்குப் பயந்து பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுக்கும் பெண்ணுக்காகப் போய்ப் பேச ஆள் இல்லை. அசனத்தன்று இருந்த ஆள்கள்தான் அன்றும் ஊரில் இருக்கிறார்கள். சபைக்கு ஆற்றல் குறைந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. அந்த ஆற்றலை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் இடம் சபையைவிட்டு நகர்ந்துவிட்டது. நோய் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சபைகள் பிறந்த விதம் இப்படி இல்லை. பாளையங்கோட்டையின் முதல் சபையைச் சேர்த்தவர் ஒரு குருவானவர் அல்லர். 1778-ல் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற மராத்திய பிராமண விதவை. 1780-ன் சபைப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். ஊரோடு இருக்கும் குருவானவர் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் 1785-ல் அந்த அம்மையாரின் முயற்சியால் ஆலயம் எழுந்தது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் ஊர் இன்றும் அதைச் சொல்கிறது. அடுத்த தலைமுறையில் உபதேசியார் டேவிட் சுந்தரானந்தத்தின் காலத்தில், மதம் மாறியதற்காகச் சொந்த ஊரில் அடிபட்டவர்கள் ஒதுங்கி வாழ நிலம் வாங்கி, 1799-ல் முதலூர் உருவானது. 1830-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கமும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தது: விசுவாசிகளின் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கி, துரத்தப்பட்டவர்களுக்கு ஊர் அமைத்துக் கொடுத்தது. கோயில், பள்ளிக்கூடம், வீடு மூன்றும் அவர்கள் பார்வையில் ஒரே காரியம்.

1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அதன் கொள்கை எளிமையானது: ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. அதன் முன்னணியில் நின்ற அசரியா, வெள்ளாளன்விளை என்ற தேரிக்காட்டு ஊரின் குருவானவர் மகன். 1909-ல் நிஜாம் சீமையின் தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு மக்கள் நடுவே ஊழியம் செய்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அந்த ஊழியத்தைத் தாங்கியவர்களில் பணக்காரர் குறைவு. பனையேறி வாழ்ந்த குடும்பங்கள் அவை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கை அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுத்த பெண்கள் அவர்கள். வயிற்றுக்கே பற்றாத ஊர்கள் மொழி தெரியாத வேறொரு சீமைக்கு ஆள் அனுப்பின என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பிடியரிசி எடுத்த அந்தக் கைக்கு, தன் அரிசி எங்கே போகிறது என்று தெரிந்திருந்தது.

இன்றைக்கு அந்தச் சபைகளில் பணமும் படிப்பும் பல மடங்கு பெருகியிருக்கின்றன. மிஷன் பள்ளிகள் நூறு, நூற்றைம்பது வருஷம் வேலை செய்ததன் பலனாக, பழைய சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சில ஊர்ச் சபைகள்) எதை எடுத்தாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒரு பெஞ்சை நிறைக்கிறார்கள். நர்ஸ் வேலை பார்த்து ஊர் திரும்பிய பெண்கள் இல்லாத சபை இந்தப் பக்கத்தில் அரிது. வங்கியில் இருந்தவர், மின்வாரியத்தில் இருந்தவர், தாலுகா அலுவலக நடைமுறையெல்லாம் அத்துப்படியானவர் என்று எல்லாரும் உண்டு. மின்விசிறியும் விளக்கும் ஒலிபெருக்கியும் உள்ள மண்டபம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அந்தக் கதவைத் திறந்து, ஆறு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முறைவைத்து உட்கார்ந்தால், ட்யூஷனுக்குக் காசு இல்லாத பிள்ளைகளுக்கு, சபைப் பிள்ளைகள் மட்டுமில்லை, ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும், எவ்வளவு பெரிய கைத்தாங்கலாக இருக்கும்! மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நர்ஸம்மாக்கள் மேசை போட்டு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தால், தெருவில் திடீரென்று விழும் பலர் விழாமல் இருப்பார்கள். இதற்கு வெளிநாட்டு நிதி வேண்டாம், பேராயரின் அனுமதியும் வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளம் இன்னும் நினைவில் இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை முழுக்கத் தீவாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். மேடான இடத்தில் உறுதியான கட்டடம், பெரிய அண்டா, கூட்டமாகச் சமைத்துப் பழகிய கைகள். பேரிடரில் முதல் இரண்டு நாள் ஓர் ஊருக்கு வேண்டியவை இவைதான். மூன்றும் ஒவ்வொரு சபையிலும் இருக்கின்றன. அடுத்த மழைக்கு முன்னால், தண்ணீர் ஏறினால் கோயில் சாவி யாரிடம், அரிசி எங்கே, நடக்க முடியாதவர்களைத் தூக்கிவர யார் என்று எத்தனை சேகரக் கமிட்டிகள் உட்கார்ந்து பேசியிருக்கும்?

கமிட்டிகள் பேசுவது வேறு. பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலைத்தான். இதை வெளியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சபை மக்கள் வாக்களித்துச் சேகரக் கமிட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் பெருமன்றத்துக்கும் ஆள் அனுப்புவார்கள். டி.சி. மெம்பர் என்று ஊரில் சொல்வது அவர்களைத்தான். அந்தப் பெருமன்றத்திலிருந்து திருமண்டல நிர்வாகிகள் வருகிறார்கள். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நிலம் எல்லாம் அந்த நிர்வாகத்தின் கையில். அரசு உதவி பெறும் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் என்பது ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றக்கூடியது. அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது, யாரை எங்கே மாற்றுவது, எந்தப் பள்ளிக்கு யார் தாளாளர் என்ற அதிகாரமெல்லாம் மேலே குவிந்திருக்கும்போது, கீழே இருக்கும் சபை வாக்குச் சாவடியாகிவிடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் யுத்தமாகிறது. வருஷமெல்லாம் எட்டிப் பார்க்காதவர் சந்தா பாக்கியைக் கட்டி வரிசையில் நிற்கிறார். ஒரே பந்தியில் பரிமாறியவர்கள் இரண்டு அணியாகி, திருவிருந்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போகிறார்கள். தேர்தல் தகராறு நீதிமன்றத்துக்குப் போய், சி.எஸ்.ஐ.யின் தலைமை மன்றமான சினாட்டின் நிர்வாகத்தையே ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் ஒப்படைக்கும் நிலை வந்தது. வக்கீல் செலவுக்குப் போகும் பணம் எங்கிருந்து வருகிறது? காணிக்கைப் பையில் ஒரு கைம்பெண் போட்ட பத்து ரூபாயும் அதில் இருக்கிறது.

அதிகாரம் மேலே குவிந்ததற்கு நல்ல காரணமும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சொத்துகள் திருச்சபையின் ட்ரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பதால்தான் ஊர்ப் பெரியவர் ஒருவர் கோயில் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ள முடியாமல் போனது. பொது நிதி இருப்பதால்தான் முப்பது வீடு உள்ள ஏழைச் சபைக்கும் சம்பளம் கொடுத்து ஒரு குருவானவரை வைக்க முடிகிறது. 1947 செப்டம்பரில் பல சபைப் பிரிவுகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானதை உலகமே வியந்து பார்த்தது. கூடியிருப்பதால் வரும் பலத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் கஜானா சாவியை வைத்திருக்கலாம். ஆனால் அடுப்படிக்கு என்ன வேண்டும் என்பதை அடுப்படியில் நிற்பவர் சொல்ல வேண்டும்.

குருவானவர்களைக் குறைசொல்வது ஊரில் எளிதான பொழுதுபோக்கு. ஆனால் அவர்கள் சுமையையும் பார்க்க வேண்டும். ஒரு சேகரத்தில் நாலைந்து ஊர். ஒவ்வொன்றிலும் ஆராதனை, அடக்கம், கல்யாணம், ஜெபக்கூட்டம். போதாததற்குக் கட்டடக் கமிட்டி, கணக்கு. வீடுகளின் கஷ்டம் பிடிபடத் தொடங்கும்போது மாற்றல் வந்துவிடும். போகிறவர் அறிந்து வைத்திருந்ததெல்லாம் அவரோடு போய்விடும்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைகுடாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் உயரக் கோபுரம், டைல்ஸ், குளிர்சாதனம். மிஷனரி கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் கோயில் கட்ட 33 வருஷம் எடுத்துக்கொண்டார், 1880-ல்தான் பிரதிஷ்டை. அந்த இடைவெளியில் ஊர் தெருத்தெருவாக ஒழுங்குபட்டது, பள்ளி நடந்தது. கோயில் ஊரோடு சேர்ந்து வளர்ந்தது. இப்போது கோயில் வளர வளர ஊர் காலியாகிறது. உள்ளே உட்கார இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். உயர்த்திக் கட்டிய படிகளில் ஏற முடியாதவர்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் சாதி கிடக்கிறது. கூட்டங்கூட்டமாக மனம் திரும்பிய வரலாற்றால் பல ஊர்ச் சபைகள் ஒரே சாதிச் சபைகளாகவே பிறந்தன. 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழிந்தும், தெருவுக்கு ஒரு கோயில், சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் என்ற நிலை பல இடங்களில் மாறவில்லை. திருமண்டலத் தேர்தல் அணிகளும் இதே கோட்டில் பிரிகின்றன. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த கதவு இவர்களுக்கு மட்டும் திறக்கவில்லை. திருச்சபை இதை எதிர்த்து வீதியில் நிற்பது முழுக்க நியாயம். ஆனால் இறந்துபோன ஒருவரை எந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் புதைப்பது என்று தகராறு செய்யும் ஊரைப் பற்றி, அதே மேடையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அசனத்தில் எல்லாருக்கும் இலை போடுகிறோம். பக்கத்துத் தெருச் சபையோடு சேர்ந்து ஓர் அசனம் பொங்க எத்தனை ஊர் தயார்?

பெண்கள் விஷயத்தில் சட்டம் முன்னே போய்விட்டது, ஊர் பின்தங்கி நிற்கிறது. 1976-லிருந்தே சி.எஸ்.ஐ.யில் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள்; 2013-ல் நந்தியாலில் ஒரு பெண் பேராயரும் வந்துவிட்டார். குளோரிந்தாவின் ஊரைச் சுற்றியுள்ள சேகரக் கமிட்டிகளிலோ முடிவெடுக்கும் நாற்காலிகள் இன்னும் பெரும்பாலும் ஆண்களுக்கே. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு முதலில் தெரியும். அந்தச் சங்கத்திடம் நாம் கேட்பது பண்டிகைக்குக் கோலமும் தேநீரும்.

திருமண்டலம் திருந்தட்டும், வழக்குகள் முடியட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும். கீழேயிருந்து தொடங்க ஒரு வழி எனக்குத் தெரிகிறது. இன்றைய சபைப் பதிவேட்டில் பெயர், ஞானஸ்நானம், திடப்படுத்தல், சந்தா ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. யார் பாக்கி என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். யார் தனியாகப் படுத்திருக்கிறார், யாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டது என்பதற்கு அதில் இடமே இல்லை. அதற்கு ஒரு நோட்டு போட வேண்டும். பெண்கள் சங்கத்தினர் இரண்டிரண்டு பேராகத் தெருவைப் பிரித்துக்கொண்டு வீடுவீடாகப் போகட்டும். கிறிஸ்தவ வீடு, மற்ற வீடு என்று பார்க்காமல் எழுதட்டும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பட்டியல்: ஆசிரியர் யார், நர்ஸ் யார், வண்டி ஓட்டத் தெரிந்தவர் யார், யாருக்கு எந்த நாள் ஓய்வு. மாதம் ஒருமுறை ஆராதனை முடிந்ததும் அந்த இரண்டு பக்கத்தையும் பெயர் சொல்லாமல் சபைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். குருவானவர் மாறிப் போனாலும், கமிட்டி மாறினாலும், அந்த நோட்டு கோயிலிலேயே இருக்க வேண்டும். அதைத் தொடங்க 40 பெயர் போதும்.