பெயர் ஒன்று, நோய் பல

திருவனந்தபுரம் ஆரியசாலையில் காலையில் கடை திறந்தால் இரவு ஷட்டரை இழுக்கும்வரை உட்கார நேரம் இருக்காது. அங்கே மூட்டை இறக்குபவருக்கோ கல்லாவில் இருப்பவருக்கோ மலத்தில் ரத்தம் வந்தால், மூலம் என்பார்கள். இல்லாவிட்டால் உடம்புச் சூடு. மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை, வீட்டில் மோர். மாதங்கள் ஓடி, உடம்பு பாதியான பிறகுதான் கொலனோஸ்கோபி. குடல் அழற்சி நோய் என்ற பெயரே அப்போதுதான் காதில் விழுகிறது.

இது மேல்நாட்டு நோய் என்ற எண்ணம் எப்போதோ பொய்த்துவிட்டது. இதன் முக்கிய வகைகளில் ஒன்றான பெருங்குடல் புண் அழற்சி மட்டுமே 1 லட்சம் பேரில் 44 பேருக்கு இருப்பதாகப் பஞ்சாபில் எடுத்த கணக்கு 2003-லேயே சொன்னது.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் செல்கள் குடல் சுவரையே தாக்குவதுதான் நோய். அந்தச் செல்கள் தமக்குள் புரத மூலக்கூறுகளால் பேசிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்றான டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் 1998-ல் அமெரிக்காவில், குடல் அழற்சியின் இன்னொரு வகையான க்ரோன்ஸ் நோய்க்கு அனுமதி பெற்றது. படுக்கையில் கிடந்த பலரை அது எழுப்பி நடக்க வைத்தது. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இவ்வகை மருந்து தொடக்கத்திலிருந்தே கேட்பதில்லை.

ஏன்? ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு தடயம் தந்தார்கள். ஆன்கோஸ்டாட்டின் எம் என்ற வேறொரு புரதம் குடலில் மிகுந்திருந்த நோயாளிகளுக்கு டிஎன்எஃப் மருந்து பெரும்பாலும் பலிக்கவில்லை. அதாவது அவர்கள் குடலில் அழற்சியை நடத்துவது வேறு சமிக்ஞை.

இன்னொரு அனுபவம் கசப்பானது. சொரியாசிஸ் தோல் நோய்க்கு இன்டர்லூகின்-17 என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தடுப்பது அருமையாகப் பலன் தருகிறது. அதையே க்ரோன்ஸ் நோயாளிகளிடம் சோதித்தபோது சிலருக்கு நோய் முற்றியது. 2012-ல் வெளியான முடிவு இது. குடல் சுவரைக் காப்பதிலும் அந்த மூலக்கூறுக்குப் பங்கு உண்டு. ஒரே தடுப்பு, தோலுக்கு மருந்து, குடலுக்குக் கேடு.

நம் ஊரில் சிக்கல் இரட்டிப்பு. குடல் காசநோயும் க்ரோன்ஸும் நுண்ணோக்கியில்கூடப் பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பயாப்ஸித் திசுவை வைத்து இரண்டையும் பிரித்தறியும் வழிகளை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1999-லேயே எழுதினார்கள். இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. காசக் கிருமியைச் சிறைப்பிடித்து வைப்பதே டிஎன்எஃப்தான். அதை அடக்கினால் பதுங்கியிருந்த காசநோய் வெளியே வரும். மரபணுவிலும் நாம் வேறு. க்ரோன்ஸோடு தொடர்புள்ளவையாக ஐரோப்பியரிடம் 2001-ல் கண்டறிந்த நாட்2 மரபணு மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் அரிது. ஐரோப்பியருக்காக உருவாக்கும் பரிசோதனை நமக்கு அப்படியே பொருந்தும் என்று எப்படி நம்புவது?

டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான அடாலிமுமாபின் உயிரொத்த மருந்தை (பயோசிமிலர்) உலகிலேயே முதலில், 2014-ல், சந்தைக்குக் கொண்டுவந்தது இந்திய நிறுவனமான சைடஸ். பெருமைதான். ஆனாலும் எது யாருக்குப் பலிக்கும் என்று தெரியாமல் ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்க்கும் வைத்தியத்தில், வீணாகும் ஒவ்வொரு ஊசியும் தினக்கூலிக் குடும்பத்துக்குக் கடன். குடலோ அதற்குள் சுருங்கி அடைபட்டுப் போகலாம்.

திருவனந்தபுரத்தில் 1951 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தைக்காட்டில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து நோயாளிகளும் இந்நகரத்தை நம்பித்தான் ரயில் ஏறுகிறார்கள். கொலனோஸ்கோபியின்போது எப்படியும் சில திசுத் துணுக்குகளை எடுக்கிறார்கள். நோயாளியின் சம்மதத்தோடு கூடுதலாக ஒரு துணுக்கு எடுத்து, அதில் எந்தச் சமிக்ஞை ஓங்கியிருக்கிறது, எந்த மருந்துக்கு எப்படிப் பலன் கிடைத்தது என்று ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தால், நம் மக்களுக்கான தரவு நம்மிடமே சேரும். கேரளமும் தமிழ்நாடும் இதற்குக் கூட்டாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மலத்தில் ரத்தம் வந்தாலோ, வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தாலோ, மூலம் என்று தாமே முடிவு கட்டாமல் குடல் மருத்துவரைப் பாருங்கள்.