குளியலறைச் சுவரில் கரும்புள்ளிகள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை ஓய்ந்ததும், நம் இல்லங்களில் குளியலறைச் சுவரின் மூலைகளில் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவக் காண்கிறோம். இல்லத்தரசியர் பலர் இதனை வெறும் அழுக்கென்று கருதி ஆசிட்டை ஊற்றுகின்றனர். அதிலும் போகவில்லையென்றால் பிளீச்சிங் பவுடரையும் அதன்மேல் தூவுகின்றனர். இம்மாதம் நாம் இதைப்பற்றி எழுத முற்பட்டது சுவரின் அழகை எண்ணியன்று. இந்தக் கலவையை எண்ணியே.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜிய நாட்டின் ஈப்பர் நகரருகே போர்வீரர்கள்மீது ஏவப்பட்டது இதே வாயுதான். காற்றைவிடக் கனமானதாகையால் அது தரையோடு தங்கும்; குந்தியமர்ந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேராக நிற்கும். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் அமிலம் உண்டு, வினிகரும் அமிலமே. ஆகவே இவற்றுள் எதனையும் பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கலாகாது. தவறிக் கலந்துவிட்டால், அங்கேயே நின்று கழுவ முயலாமல் உடனே வெளியேறித் திறந்தவெளிக்குச் செல்லுங்கள். இருமலோ மார்பில் இறுக்கமோ இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

சுவரில் காண்பது பூஞ்சணம். 1928இல் இலண்டனில் ஃபிளெமிங் என்னும் அறிஞருக்குப் பென்சிலினைக் காட்டிக் கொடுத்ததும் ஒரு பூஞ்சணமே. அதற்காக இதனை வீட்டில் வளர்க்க வேண்டியதில்லை! இதன் நுண்வித்துக்கள் காற்றில் எப்போதும் உள்ளன. ஈரம் ஓரிரு நாள் நிலைத்தால் முளைத்து, சுவரில் படிந்த சோப்பின் மிச்சத்தை உண்டு வளரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இதனால் இழைப்பு மிகும். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரவல்லது. எனவே அதைக் கொன்றால் மட்டும் போதாது, கழுவி அகற்றவேண்டும். ஆசிட்டோ சிமெண்டை அரித்து நுண்குழிகளை உண்டாக்கி, அடுத்த மழைக்குப் பூஞ்சணத்துக்கு வசதியான இடம் அமைத்துக் கொடுக்கிறது.

பெரும்பாலும் சோப்புத் தண்ணீரும் கெட்டியான பிரஷ்ஷுமே போதும். கதவையும் சன்னலையும் திறந்து, கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். முதலில் சுவரை நனைத்துவிடுங்கள்; உலர்ந்தபடியே சுரண்டினால் வித்துக்கள் வீடெங்கும் பறக்கும். தேய்த்துக் கழுவியபின் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். இழைப்பு உள்ளவர் இவ்வேலையைச் செய்யலாகாது. வீட்டு ஆண்கள் செய்தால் குறைவொன்றுமில்லை. பூஞ்சணத்தின்மேல் பெயிண்ட் அடிப்பது வீண்செலவு. சில நாளில் உரிந்துவிடும்.

மீண்டும் வராதிருக்க ஈரத்தைப் போக்கவேண்டும். எத்தனையோ வீடுகளில் குளியலறைக்கு உள்ள ஒரே காற்றுத்துளையையும், கொசு வருமென்று அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள். குளித்தபின் சுவரையும் தரையையும் வழித்துவிட இரண்டு நிமிடமே ஆகும். ஈரத்துணிகளை உள்ளேயே கொடியில் போடவேண்டாம். மின்விசிறி பொருத்தியிருந்தால், குளித்து முடித்து அரைமணி நேரமாவது அது ஓடட்டும்.

இவ்வளவும் செய்து, மழையும் நின்று பல நாட்களான பிறகும் சுவரில் ஓரிடம் மட்டும் கசிந்துகொண்டேயிருந்தால், உள்ளே குழாய் ஒழுகுகிறதென்று ஐயுறலாம். அங்கே தேய்த்துப் பயனில்லை. குழாய் வேலை தெரிந்தவரை அழைத்துவிடுங்கள்.