பெயர் அழியமுன்

2006இல் காணாமற்போன மகனின் நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டியை ஓர் அம்மா சேலையில் சுற்றி வைத்திருந்தார். 'ஜெல்டா' ஆட்டத்தில் அவன் பெயர் பதிந்திருக்கிறது. கசெற்றினுள் உள்ள சிறு பற்றரி தீர்ந்தால் பெயரும் அழிந்துவிடும்.

வீட்டில் தொலைக்காட்சி இல்லை, பழைய கணினிதான். அதன் திரை பெட்டியின் மஞ்சள் வயரை ஏற்காது. திரைக்கு வினாடிக்கு 31,000 கோடுகளுக்கு மேல் வேண்டும். பெட்டி அனுப்புவதோ அதில் பாதி. யூஎஸ்பி பதிவுக்கருவி ஒன்றை இரவல் வாங்கிப் போனேன். படத்துக்கு மஞ்சள் வயர், ஒலிக்குச் சிவப்பு. படம் சற்றுப் பிந்தித்தான் வரும். விளையாடச் சரிப்படாது, பதியப் போதும்.

பெயர் தெரிந்தது. ரீசெற்றை அழுத்திப் பிடித்தபடி அணைக்கவேண்டும், இல்லையேல் சேமித்தது கெடலாம். கையை வைத்தேன்.

“பொறு பிள்ளை, இன்னும் கொஞ்சம் ஓடட்டும்” என்றார்.