பூஜ்யங்களைக் கண்டு பிரமிப்பதா?

பெரிய எண்ணைச் சொன்னால் கேட்பவன் வாயடைத்துப் போவான் என்பது நம் நாட்டுப் புராணப் பிரசங்கிகளுக்கு வெகு காலமாகவே தெரிந்த தந்திரமாகும். கலியுகம் 4,32,000 வருஷம், சதுர்யுகம் 43,20,000 வருஷம், பிரம்மாவுக்கு ஒரு பகல் 432,00,00,000 வருஷம் என்று பூஜ்யங்களை அடுக்கிக்கொண்டே போனால், பாமர மக்கள், "இவ்வளவையும் கணக்கிட்டவன் எவ்வளவு பெரிய ஞானியாயிருக்க வேண்டும்" என்று கருதிக் கையெடுத்துக் கும்பிடத்தானே செய்வார்கள்? இப்பொழுது படித்தவர்களிலேயே சிலர் ஒரு படி மேலே போய், பூமியின் வயதை விஞ்ஞானிகளுக்கு முன்பே நம் புராணம் கண்டுவிட்டதென்றும், பிரம்மாவின் அந்தப் பகலே அவ்வயதென்றும் மேடையேறிப் பேசி வருகின்றார்கள். ஆகவே இந்த எண்களைக் கொஞ்சம் தராசில் வைத்துப் பார்க்கலாமென்று கருதுகின்றோம்.

தராசு புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகின்ற அறிவியல் குறியீடுதான் அது. எவ்வளவு நீண்ட எண்ணானாலும் அதை 1-க்குக் குறையாமலும் 10-ஐ எட்டாமலும் உள்ள ஒரு முன்னெண்ணாகவும், அதைப் பெருக்குகின்ற பத்தின் அடுக்காகவும் எழுதிவிடுவது. 4,32,000 என்பதில் புள்ளியை ஐந்து இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 4.32 × 10⁵. ஒப்பிடும்போது முதலில் அடுக்கைப் பார்க்க வேண்டும். அடுக்கு பெரிதானால் எண்ணும் பெரிது. முன்னால் நிற்பது 9.9 ஆனாலும் சரி, 1.1 ஆனாலும் சரி. அடுக்குகள் சமமானால் மாத்திரமே முன்னெண்ணைப் பார்க்க வேண்டும். இதற்குக் குருவும் வேண்டாம், தீட்சையும் வேண்டாம்.

பெயரை நம்பி மோசம் போவதும் இம்முறையில் இல்லை. பில்லியன் என்றால் அமெரிக்காவில் 10⁹. இங்கிலாந்திலோ 1974-ல் சர்க்கார் மாற்றிக்கொள்ளும் வரையில் 10¹². ஒரே சொல்லுக்கு ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

இனி புராண எண்களை இப்படி எழுதிப் பார்ப்போம். கலியுகத்திலும், சதுர்யுகத்திலும், பிரம்மாவின் பகலிலும் முன்னெண் அதே 4.32 தான், அடுக்கு மாத்திரம் 5, 6, 9 என்று ஏறுகின்றது. அதாவது ஒரே எண்ணுக்குப் பின்னால் பூஜ்யம் சேர்த்ததே தவிர, எதையும் அளந்து கண்டதல்ல.

பூமியின் வயதோ அளந்து கண்டது. 1956-ல் பாட்டர்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, விண்கற்களிலுள்ள ஈயத்தின் வகைகளை அளந்து, யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தைக் கொண்டு 4.55 × 10⁹ வருஷம் என்றார், அதில் 0.07 கூடவோ குறையவோ இருக்கலாமென்பதையும் சேர்த்தே சொன்னார். இன்றைய மதிப்பு 4.54, பிசகக்கூடியது 0.05. தன் கணக்கு எவ்வளவு பிசகக்கூடுமென்று எந்த ரிஷியாவது சொன்னதுண்டா? இரண்டிலும் அடுக்கு 9 ஆகையால் முன்னெண்களைக் கழித்தால் 0.22 × 10⁹, அதாவது 22 கோடி வருஷம் இடைவெளி. டைனோசர்கள் தோன்றி இன்றுவரை சென்ற காலம் ஏறக்குறைய இவ்வளவுதான்!

அல்லாமலும், அந்தப் பகல் இன்னும் முடியவில்லையே! சுவேத வராக கல்பத்தில், ஏழாவது மனுவின் காலத்தில், 28-வது கலியுகம் நடப்பதாகத்தானே புரோகிதர் சங்கல்பம் சொல்லுகின்றார்? அந்தக் கணக்குப்படி இதுவரை கழிந்தது சுமார் 1.97 × 10⁹ வருஷமே. பாதிகூட இல்லை. இனி வரப்போவதையும் சேர்த்துப் பூமியின் வயதென்பது, பிறந்த பிள்ளைக்கு ஆயுள் நூறென்று ஜாதகம் எழுதிவிட்டு அதன் வயதே நூறு என்பது போலாகும்.

கிறிஸ்தவ வேதக்காரரும் இதில் தப்பவில்லை. அயர்லாந்து தேசத்து அஷர் என்னும் பாதிரியார் 1650-ல் பைபிளைக் கூட்டிப் பார்த்து, உலகம் உண்டானது கி.மு. 4004-ல் என்றார். அது 6 × 10³. அடுக்கிலேயே ஆறு குறைகின்றது.

நிற்க, பிரம்மாவின் ஆயுள் மனிதக் கணக்கில் 3.11 × 10¹⁴ வருஷமாம்; அதில் பாதி கழிந்தும் விட்டதாம். பிரபஞ்சத்தின் வயதே 1.38 × 10¹⁰ தான். கழிந்ததாகச் சொல்லும் பாதியே அதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேலாகின்றது.

இராமன் திரேதா யுகத்தவன் என்றால், இடையில் துவாபர யுகம் முழுவதும், அதாவது 8.64 × 10⁵ வருஷம், சென்றிருக்க வேண்டும். நம் மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளென்று 2017-ல் மொரோக்கோ நாட்டிலிருந்து அறிவிக்கப்பட்டவையோ சுமார் 3 × 10⁵ வருஷத்தவை. இங்கே அடுக்கு சமம், முன்னெண்ணைப் பாருங்கள். அயோத்தியில் அன்று குடியிருந்தவர்கள் எந்த இனம் என்பதைப் பக்தர்கள்தாம் சொல்ல வேண்டும்.