பூட்டு மட்டும் போதுமா?

“நான் சிங்கப்பூரர்.” 2024 ஜனவரியில் அமெரிக்க செனட் விசாரணையில், சீனக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்று கேட்கப்பட்டபோது டிக்டாக் தலைமை நிர்வாகி சியூ ஷோ ஸி தந்த பதில் அது. நம்மூர்க்காரர் என்பதால் அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்தேன்.

அடுத்த மூன்று மாதங்களுக்குள் சட்டமே வந்துவிட்டது. சீனத் தாய் நிறுவனமான பைட்டான்ஸ், டிக்டாக்கின் அமெரிக்கச் செயல்பாட்டைக் கைவிட வேண்டும். இல்லையேல் அங்கு தடை. 2025 ஜனவரி 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஒருமனதாக உறுதிசெய்தது. பின்னர் அதிபர் டிரம்ப் அமலாக்கத்தைத் தள்ளிவைத்தார்.

தீர்ப்பில் என்னைச் சிந்திக்க வைத்தது ஒரு சிறிய விவரம். பயனர் அனுமதித்தால் அவரது கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைச் செயலி எடுத்துக்கொள்ளலாம். டிக்டாக்கையே பயன்படுத்தாத நண்பர்கள், உறவினர்களின் விவரங்களும் அதில் அடங்கும். அரசாங்கம் கேட்டால் நிறுவனங்கள் ஒத்துழைக்கவேண்டும் என்பது சீனச் சட்டம். ஆகவே, அமெரிக்காவின் அச்சத்தை வெறும் சாக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆனால், அந்த வாரமே அமெரிக்க இளையர்கள் பலர் சியாவ்ஹொங்ஷு என்ற மற்றொரு சீனச் செயலிக்கு மாறினர். யாருக்காகக் கதவு பூட்டப்பட்டதோ, அவர்களே பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டனர். காரணத்தைப் புரியவைக்காத பாதுகாப்பு இளையர்களுக்குத் தண்டனையாகவே தெரியும்.

சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனம் எந்த நாட்டுடையது என்று பார்ப்பதில்லை. தகவல் திரட்ட, பொதுவாக நம் இணக்கம் வேண்டும் என்கிறது. எல்லாருக்கும் ஒரே விதி என்ற அந்த அணுகுமுறையே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால், இணக்கத்தைத் தருவது நம் விரல்தானே?

தீர்ப்பைப் படித்த இரவு என் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்தேன். நான்கு செயலிகளுக்குத் தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூடச் சீனச் செயலி அல்ல. என் பாட்டியின் எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை.

நான்கையும் அணைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இளையர்களே, இன்றிரவு உங்கள் கைப்பேசியையும் திறந்து பாருங்கள். செயலி யாருடையது என்ற விவாதம் நாடாளுமன்றங்களில் தொடரட்டும். அதற்கு எதைக் கொடுக்கிறோம் என்ற கேள்வி நம் கையில் இருக்கிறது.